சாமி வராத அன்று அடித்த மணி

கயிறு நனைந்திருந்தது. பிடித்தால் உயிருள்ள ஏதோ ஒன்றின் வாலைப் பிடித்ததுபோல் சில்லென்றிருந்தது. எனக்கு முன்னால் பீடம். பீடத்தின்மேல் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பீடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு மனிதர் நிற்கவேண்டும், அவர் நிற்கவில்லை. அவர் நிற்கவேண்டிய இடத்தில், கதவு வழியாக உள்ளே வந்த மூடுபனி நின்றுகொண்டிருந்தது.

வெளியே, கோயிலுக்கு மேலே இருந்த மலையில், முப்பது பெண்கள் கூடையும் முதுகுமாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் பறிக்கவில்லை. ஒன்பது மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, என் கையிலிருந்த கயிற்றுக்காகக் காத்திருந்தாள். அது எனக்குத் தெரியும். பூசை வைக்கச் சாமியார் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும். அந்த வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

கயிற்றைப் பிடித்தபடி என்னை அங்கேயே சற்று நிறுத்திவைக்கிறேன். நிற்கட்டும். இருபத்துமூன்று வயதுக் கால், வலிக்காது.

நான் எதையும் நேர்வழியில் சொல்வதில்லை என்று சென்ற வாரமும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இப்போதுதான் ரயில் பதுளைவரை வருகிறதே, அவர் ஒருமுறை தெமோதரைக்குப் போய்ப் பார்க்கட்டும். நிலையத்தை விட்டுக் கிளம்பும் வண்டி, மலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தான் சற்றுமுன் நின்றுகொண்டிருந்த அதே நிலையத்துக்கு அடியில் குகைக்குள் புகுந்து போகிறது. பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்களாலேயே இந்த மலையில் நேராக இறங்க முடியவில்லை. என்னை மட்டும் கேட்டால் எப்படி?

அதிகம் பேசுகிறவனுக்கு ஒரு வேலை

நான் சொல்லும் காலத்தில் ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்பால் பதுளைக்கு வண்டிப்பாதை, தோட்டங்களுக்குக் கால்பாதை, சில தோட்டங்களுக்கு நம்பிக்கை மட்டும்.

பதுளையில் ஓர் இத்தாலியச் சாமியார் இருந்தார். மார்பு மறையத் தாடி, ஓயாத இருமல். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஆட்களின் வாயில் நுழையவில்லை, ஆகவே தாடிச்சாமி. ஞாயிற்றுக்கிழமை அவர் நகரத்துக் கோயிலுக்கு. வார நாட்களில் ஒரு மட்டக்குதிரையில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போவார். அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தோட்டத்துக்கு மாதத்தில் ஒரு புதன்கிழமை முறை. மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுக்கவும், நோயாளிகளைப் பார்க்கவும், இறந்தவர்களை அடக்கம்பண்ணவும், உயிரோடிருப்பவர்களை அதட்டவும் ஓர் உபதேசியார் தேவைப்பட்டார்.

நான் திருச்சிராப்பள்ளிப் பக்கம் பள்ளிக்கூடம் படித்து, கையில் அகப்பட்ட புத்தகத்தையெல்லாம் வாசித்து, அதனாலேயே எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன் என்று என் தகப்பனாரிடம் தீர்ப்புப் பெற்றுக் கப்பலேறியவன். தாடிச்சாமி என்னிடம் ஐந்து நிமிஷம் பேசினார். பேசினார் என்பது தவறு; கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் அதிகம் பேசுகிறீர்" என்றார் கடைசியில், புத்தகத்தில் கற்ற தமிழில். "உபதேசியாராக இரும்."

சீனி போடாத தண்ணீர்

எனக்கு இரகசியம் என்ற சொல்லே ஆகாது. எங்கள் ஆட்களுக்கோ அது அன்றாடப் புழக்கம். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையை உருட்டும்போது ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு தேவ இரகசியத்தை அறிக்கையிடுவார்கள்: சந்தோஷ இரகசியம், துக்க இரகசியம், மகிமை இரகசியம். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அதை உப்பு, புளி, மிளகாய் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் அது செருப்புக்குள் புகுந்த கல். இரகசியம் என்றால், இதுவரை யாரும் சரியாக விளக்கவில்லை என்று அர்த்தம். நான்தான் வந்துவிட்டேனே, இனி எதற்கு இரகசியம்? இப்படி ஓர் எண்ணம்.

முதலில், ஒரே ஆண்டவர் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்கிற திரித்துவத்தை எடுத்துக்கொண்டேன். கொழுந்து, தூள், சாயம். மூன்றும் ஒரே தேயிலை. இதிலே என்ன குழப்பம் என்று கேட்டேன். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற சூசை எழுந்து நின்றான்.

"உபதேசியாரே, ஒரு சந்தேகம்ங்க."

"கேளு."

"சலிச்சப்பறம் கீழே கழிவு விழுதே, அது யாருங்க?"

கோயில் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றோடு திரித்துவத்தை அதன் போக்கில் விட்டுவிட்டேன்.

அடுத்தது நற்கருணை. சாமியார் கையில் எடுக்கும் அப்பம், அவர் சொல்லும் வார்த்தையினால் ஆண்டவருடைய சரீரமாகிறது என்பது எங்கள் விசுவாசம். அதை விளக்கும் பாக்கியம் பதுளைக் கடைவீதியில் கிடைத்தது. கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்குவது காசிம் முதலாளி கடையில். நல்ல மனுஷர். போனதும் பால் விடாத சாயத்தண்ணீர் ஒரு கோப்பை கையில் தந்துவிட்டுத்தான் பேச்சு.

"தம்பி, ஒங்க சாமியாரு ரொட்டியத் தூக்குனா அதுல ஆண்டவன் வாறான்னு சொல்றாங்களே, அது எப்புடி?"

நான் கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். "இதுல சீனி கரைஞ்சிருக்கு முதலாளி. கண்ணுக்குத் தெரியுதா? ஆனா உள்ள இருக்கு. அப்படித்தான்."

அவர் வர்த்திகளைத் தாளில் சுற்றியபடி யோசித்தார். "சீனி போட்டா ருசி மாறும். ஒங்க ரொட்டி ருசி மாறுமா?"

"மாறாது."

"பாக்க?"

"பார்வைக்கும் மாறாது."

"அப்ப இது சீனி போடாத தண்ணிய வச்சுக்கிட்டு இனிக்குதுன்னு சொல்றாப்புல இருக்கு." நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "நான் கொற சொல்லல தம்பி. எங்களுக்கும் வெளங்காதது எத்தனையோ இருக்கு. வெளங்கலன்னு ஒத்துக்கிட்டு நாங்க தொழுவுறோம். நீங்க வெளங்குதுன்னு சொல்லிப்போட்டு முழிக்கிறீங்க."

பண்டாரவளைப் பாதையில் திரும்பி வரும்போது நல்ல பதில்கள் ஏழெட்டுத் தோன்றின. எனக்கு நல்ல பதில்கள் எப்போதும் கடையை விட்டு நாலு மைல் தள்ளித்தான் தோன்றும்.

நொண்டி மணி

எங்கள் கோயில் பழைய அரிசிக் கிடங்கு. தகரக் கூரை. மழை பெய்தால் கூரைதான் பிரசங்கம் வைக்கும். நான் வாயை மட்டும் அசைப்பேன்.

தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர்; கிறிஸ்தவர்தான், ஆனால் வேறு சபை. எங்கள் சொரூபம், சாம்பிராணி, மெழுகுவர்த்தி எதுவும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் ஸ்டோருக்கு நீராவிச் சங்கு வந்ததும், அதுவரை பெரட்டுக்கு அடித்துக்கொண்டிருந்த பழைய மணியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். பெரட்டு என்பது விடிவதற்குமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. எத்தனையோ வருஷம் அந்த மணி ஆட்களைப் படுக்கையிலிருந்து பிடுங்கி எடுத்திருக்கிறது. இப்போது அதே மணி அவர்களை முழந்தாளிடச் சொல்லியது. மணிக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது.

பூசை பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும். சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இலத்தீனில் சொல்வார்; நமக்குப் புரியாது. முக்கியமான இடம் வந்ததும் குரலையும் தாழ்த்திக்கொள்வார், கேட்கவும் கேட்காது. திடீரென்று அப்பத்தைத் தலைக்குமேல் தூக்குவார். எழுந்தேற்றம் என்பது அதுதான். அப்போது மணி மூன்று தரம் அடிக்கவேண்டும். பிறகு திராட்சை இரசப் பாத்திரத்தைத் தூக்குவார். மறுபடி மூன்று.

நகரத்தில் இதற்கு ஒரு சின்னக் கைமணி போதும். எங்களுக்குப் போதாது. புதன்கிழமை வேலை நாள். பூசைக்கென்று துரை யாரையும் விடமாட்டார். பாதிச் சபை மலையில் இருந்தது. ஆகவே வெளியே தொங்கிய பெரிய மணியின் கயிற்றைச் சுவரில் ஓட்டை போட்டுப் பீடத்தின் அருகில் கொண்டுவந்தேன். என் வாழ்க்கையின் ஒரே கண்டுபிடிப்பு.

கண்டுபிடிப்பில் ஒரு குறை இருந்தது. சாமியார் கையைத் தூக்கும்போது, அந்தக் கனத்த பூசை உடுப்பின் பின்பக்கத்தைத் துணைக்கு நிற்பவன் சற்றுத் தூக்கிப் பிடிக்கவேண்டும். துணைக்கு நிற்பவனும் நான்தான், மணியடிப்பவனும் நான்தான். இடது கையில் உடுப்பு, வலது கையில் கயிறு, கழுத்து எங்கேயோ. ஒற்றைக் கையால் இழுக்கும் மணி நொண்டும். முதல் அடி பலமாக விழும், இரண்டாவது அரைமனதாக, மூன்றாவது வழுக்கிக்கொண்டு போகும். மாதத்துக்கு மாதம் எனக்கு வெட்கமாக இருக்கும்.

மலையில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை. மணி கேட்டதும் கொழுந்து கிள்ளும் விரல்கள் நின்றுவிடும். பெண்கள் தேயிலை நிரைகளுக்கு நடுவில் அப்படியே முழந்தாளிடுவார்கள். தலைமேல் போட்ட கம்பளி மட்டும் செடிக்குமேல் கறுப்பாகத் தெரியும். பனி மூடிய நாளில் அதுவும் தெரியாது. சைவப் பெண்கள் நின்றபடி கும்பிடுவார்கள். அந்த மலையைப் பார்த்துக்கொண்ட முத்துக்கருப்பன் கங்காணி மதுரைவீரனுக்கு வருஷம் தவறாமல் கிடாய் வெட்டுகிறவர். அவர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "அடிச்சிருச்சு, நில்லுங்கடி. கொழுந்து எங்கயும் ஓடிறாது" என்பார். இது என்ன என்று துரை ஒருமுறை கேட்டதற்கு, "மூச்சு வாங்குறாங்க தொரை" என்று சொன்னாராம். பூசையைப்பற்றி நான் கேட்ட விளக்கங்களில் அது அவ்வளவு மோசமானதல்ல.

இதை யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் ஆரம்பிக்கவில்லை. நான் எதிர்த்தேன். கண்ணால் காணாத பூசை பூசையல்ல என்று இரண்டு பிரசங்கம் செய்தேன். இரண்டு நாளும் மழை.

சவரியாயியின் நேர்ச்சை

சூசையின் மனைவி சவரியாயி. அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன, மூன்றும் தங்கவில்லை. இரண்டை எனக்கு முன்னிருந்த உபதேசியார் அடக்கம்பண்ணினார். மூன்றாவதை நான். தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்த பெட்டி. மூடியில் தோட்டத்தின் பெயர் பாதி தெரிந்தது. எல்லாவற்றையும் வேடிக்கையாக எழுதுகிறவன் என்று எனக்குப் பெயர். அதை அப்படி எழுத எனக்குத் தெரியாது.

நாலாவது முறை நாள் தள்ளிப்போன அந்த வாரமே அவள் கோயில் வாசலில் வந்து நின்றாள்.

"உபதேசியாரே, மாதாகிட்ட நேந்துகிட்டேன்."

"என்னன்னு?"

"ஒம்பது மாசம், ஒம்பது பூசை. மணி கேக்கையில மண்டி போடுறேன்னு. ஒண்ணு தவறாம. இந்தப் புள்ள உசுரோட பொறக்கணும்."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "கோயிலுக்குள்ள வந்து பூசை கண்டாத்தான் நேர்ச்சை. மலையில நின்னு மணி கேக்குறது நேர்ச்சையாகாது."

"தொரைகிட்ட லீவு வாங்கித் தாங்க. உள்ளயே வந்துர்றேன்."

"அது வந்து... அது வேற விஷயம்."

"அப்ப மணியக் கொஞ்சம் பலமா அடிங்க" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டு மாதம் எட்டு மணி ஆயிற்று. ஒவ்வொரு புதன்கிழமையும் எழுந்தேற்றத்தின்போது, பீடத்தைப் பார்க்கவேண்டிய என் கண் சுவரிலிருந்த ஓட்டையைப் பார்க்கும். அந்த ஓட்டையில் சில நாள் ஒரு காசு அகல வெயில். சில நாள் வெறும் வெள்ளை. அதற்கப்பால் எங்கேயோ ஒருத்தி மாதத்துக்கு மாதம் கனத்துக்கொண்டே முழந்தாளிடுகிறாள். மணி நொண்டிக்கொண்டு மலையேறி அவளிடம் போகிறது. அந்த எட்டு மாதமும் நான் விழித்திருந்தேனா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. மூடுபனிக்குள் சில மாதங்கள் இருந்துவிட்டால், நடந்ததும் நினைத்ததும் ஒரே நிறமாகிவிடும்.

மிக்கேல் தாத்தாவின் சாட்சி

ஒன்பதாவது புதன்கிழமைக்கு முன்னால் மூன்று நாள் விடாத மழை. ஓடையின் குறுக்கே போட்டிருந்த பலகையை வெள்ளம் கொண்டுபோயிற்று. கீழ் லயத்துக்காரர்கள் யாரும் கோயிலுக்கு வரமுடியாது. வந்தவர் ஒருவர்தான்: கோயிலை ஒட்டிய லயத்திலிருந்த மிக்கேல் தாத்தா. அவர் எந்தப் பூசையையும் தவறவிட்டதில்லை. எந்தப் பூசையிலும் விழித்திருந்ததுமில்லை. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கம்பளிக்குள் போய்விட்டார்.

சாமியார் வரவேண்டிய நேரம் தாண்டிற்று. அப்புறம் அப்புத்தளைக்குப் போகிற தபால்காரன் கதவுக்கு வெளியிலிருந்தே கத்தினான்.

"உபதேசியாரே! சாமி வரமாட்டாரு. பாதையில மண்ணு சரிஞ்சிருச்சு. குதிரையத் திருப்பிக்கிட்டுப் பதுளைக்கே போயிட்டாரு. காய்ச்ச வேற."

சொல்லிவிட்டு அவன் தன் வழியே போய்விட்டான்.

மலைக்கு ஏறிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பனியில் குரல் வெகுதூரம் வரும். பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்டது.

"வயித்துக்காரிய ஒக்கார வைங்கடி. நாந்தான் வரவேணாம்னு சொன்னேன்ல?" இது கங்காணி.

"ஒக்கார மாட்டேங்குறா கங்காணி. சொன்னா கேட்டாத்தானே?"

"மணி அடிக்கட்டும். அப்பறம் ஒக்காந்துக்குறேன்." இது சவரியாயி.

நான் உள்ளே திரும்பினேன். மெழுகுவர்த்திகளை ஏற்றினேன். பூசை இல்லாத பீடத்தில் எதற்கு வர்த்தி என்று கேட்டால், பொய்யைக்கூட முறைப்படி சொல்லவேண்டும் என்று நினைக்கிற ஜாதி நான்.

இப்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த இளைஞனிடம் திரும்பி வந்துவிட்டோம். தெமோதரை ரயிலைப்போல, அதே இடத்துக்கு அடியில்.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மூன்று. சற்று நிறுத்தி, மறுபடி மூன்று. என் ஆயுளில் அவ்வளவு அழகாக நான் மணி அடித்ததில்லை. ஆறும் அளந்து வைத்ததுபோல் விழுந்தன. மலையில் பேச்சு நின்றது. அங்கே எல்லாரும் முழந்தாளிட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. இங்கே என் முன்னால் யாருமில்லை. தூக்கிய கை இல்லை, அப்பம் இல்லை, பிடிக்க உடுப்பு இல்லை. முப்பது பேருக்கு நான் காட்டியது இந்த வெற்றிடத்தை. விளக்கமே தேவைப்படாத பூசை ஒன்றை ஒருவழியாக நடத்திவிட்டேன். உள்ளே ஒன்றுமே இல்லை, ஆகவே இரகசியமும் இல்லை. மணி அடங்கி வெகுநேரம்வரை கயிற்றை விட மனம் வரவில்லை.

பின்னால் கம்பளி அசைந்தது.

"பூசை முடிஞ்சிருச்சா?"

"...முடிஞ்சிருச்சு தாத்தா."

"நல்ல பூசை" என்றார் மிக்கேல் தாத்தா, எழுந்துகொண்டே. "இன்னிக்குச் சாமி இருமவே இல்ல."

உடுப்பும் கயிறும்

சில நாளில் சவரியாயிக்குப் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த அன்றே லயம் முழுவதற்கும் தன் வருகையை அறிவித்தது. பிறகு அறிவித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணியோசைக்குக் கிடைத்த பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். ஒன்பதாவது பூசை மற்ற எட்டையும்விடச் சிறப்பு என்று மிக்கேல் தாத்தா கேட்டவர்களுக்கெல்லாம் சாட்சி சொன்னார். சூசை வந்து, "புள்ளையோட ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்" என்றான்.

நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? உண்மையைச் சொன்னால், நேர்ச்சை முறிந்ததென்று அவள் பிள்ளையின் ஒவ்வொரு தும்மலுக்கும் நடுங்குவாள். அந்தத் தேயிலைப் பெட்டியை நான் மறக்கவில்லை, அவள் மறப்பாளா? சொல்லாவிட்டால், அவளுடைய நன்றி முழுவதும் என் பொய்யின்மேல் நிற்கும். அதன்மேல் ஏறி நானும் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும்.

அடுத்த மாதம் தாடிச்சாமி வந்தார். பூசைக்குமுன் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, சும்மா அடித்த மணியை ஒப்புக்கொண்டேன். அங்கே கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. பாவிக்கு அந்தத் தடை இல்லை.

"எத்தனை தரம் அடித்தீர்?"

"ஆறு, சாமி."

"ஆறு!" அவருக்கு இருமல் வந்துவிட்டது. "ஆகையால் நீர் இரசத்தையும் எழுந்தேற்றம் செய்தீர்!"

"மூணோட நிறுத்தினா அரைகுறையா இருக்குமேன்னு..."

தாடிக்குள் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்லாததை உண்டென்று காட்டினீர். அந்த ஸ்திரீயிடம் சொல்லும். ஞானஸ்நானத்துக்கு முன்னமே சொல்லும்."

பூசை நடந்தது. இடது கையில் உடுப்பு, வலது கையில் கயிறு. மணி வழக்கம்போல் நொண்டிற்று. கோயிலுக்குள் சூசை இருந்தான், மிக்கேல் தாத்தா தூங்கினார், கீழ் லயத்துப் பெண்கள் இருந்தார்கள். பிள்ளைக்காரியை மட்டும் காணோம்.

பூசை முடிந்த பிறகுதான் பனிக்குள்ளிருந்து வந்தாள். கம்பளி சொட்டிக்கொண்டிருந்தது, அதற்குள்ளே பிள்ளை காய்ந்த துணியில் தூங்கிற்று. மணிக்குக் கீழே அவளை நிறுத்தினேன்.

"பச்சப் புள்ளய தூக்கிக்கிட்டு இந்தப் பனியில எங்க போன? பூசையும் போச்சு."

"கொஞ்சம் வேல இருந்துச்சுங்க."

இனித் தள்ளிப்போட முடியாது. "சவரியாயி, ஒண்ணு சொல்லணும். போன மாசம் சாமி வரல. பூசை நடக்கல. மணிய நான் சும்மா அடிச்சேன்."

"தெரியும்ங்க."

"யாரு சொன்னது? தாத்தாவா?"

"அது எங்க சொல்லுச்சு? பூசை பிரமாதம்னுல்ல சொல்லிக்கிட்டுத் திரியுது." சிரித்தாள். "ஒங்க மணிதான் சொல்லுச்சு. சாமி இருந்தா ஒங்க மணி நொண்டும்ல? ஒரு கையில அவரு உடுப்பு, ஒரு கையில கயிறு. எட்டு மாசமா கேக்குறவளுக்குத் தெரியாதா? அன்னிக்கு ரெண்டு கையும் கயித்துல. கங்காணிகூட, 'என்னங்கடி, பெரட்டுக்கா கூப்புடுறான்?'னு கேட்டாரு."

"தெரிஞ்சும் மண்டி போட்டியா?"

"போட்டேன்."

"ஏன்? உள்ள ஒண்ணுமே இல்லையே."

பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணுமில்லையா? நீங்க இருந்தீங்கள்ல? அந்த மழையில, சாமியும் இல்லாம சனமும் இல்லாம, ஒத்தையில ஒரு மனுசன் ரெண்டு கையாலயும் இழுக்குறாரே, என்னா கஷ்டமோன்னு இருந்துச்சு. அந்த மணிய எனக்குன்னு வச்சுக்கல. ஒங்களுக்காக ஒரு மந்திரம் சொன்னேன்."

மந்திரம் என்று எங்கள் ஆட்கள் செபத்தைச் சொல்வார்கள். நான் சுவரைப் பார்த்தேன். கயிறு போகும் ஓட்டை கண்ணெதிரே இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து அதை நான் நின்று பார்த்ததேயில்லை.

"அப்ப ஒன்னோட ஒம்பதாவது?"

"இப்பத்தான் போட்டுட்டு வாறேன்."

அப்போதுதான் கவனித்தேன். சேலையில் இரண்டு முழங்காலிலும் மண் அப்பியிருந்தது.

"புள்ள பொறந்து மாசமாகப்போகுது. நேர்ச்சை முடியாமயே..."

"மாதா முந்திக்கிட்டாங்க, நான் பிந்திட்டேன். அதுக்கென்ன பண்றது?" என்றாள். "வாங்க, சாமி கூப்புடுறாரு."

நாலு மைல் போனால் ஒரு பதில் தோன்றியிருக்கும். கோயில் வாசல் பத்தடிதான்.

உள்ளே போனோம். பிள்ளையை என் கையில் கொடுத்தார்கள். அவ்வளவு சின்னதைப் பிடிக்க இரண்டு கையும் போதவில்லை. தாடிச்சாமி இலத்தீனில் ஏதேதோ சொல்லி, உப்பு வைத்து, எண்ணெய் பூசினார். ஞானஸ்நானத்தில் பிள்ளையிடம் கேட்கும் கேள்விகளுக்கு ஞானத்தகப்பன்தான் பதில் சொல்லவேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்.

"விசுவசிக்கிறீரோ?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பிரசங்கமும் ஏழெட்டு உதாரணங்களும் இருந்தன. ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"விசுவசிக்கிறேன்" என்றேன். பலமாகத்தான் ஆரம்பித்தேன். நடுவில் அரைமனதாயிற்று. கடைசியில் குரல் வழுக்கிக்கொண்டு போயிற்று.

எனக்குப் பின்னால் நின்ற சவரியாயி, சரிதான் என்பதுபோல் தலையை அசைத்தாளாம். பிற்பாடு சூசை சொன்னான்.